அணையின் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

துறையின் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும், எங்கள் மலையடிவாரத்து அணையைப் பார்த்துக்கொள்ளும் கோட்ட, உபகோட்டப் பொறியாளர்களுக்கும்,

அணையடியில் இருக்கும் பழைய உபகோட்ட அலுவலகத்தை இடிக்கப்போகிறீர்கள். அதற்கு முன் ஏலம் விடும் பொருட்களின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள். உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த குழாய்கள், ஓடாத ஜீப் ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, ‘பழைய காகிதங்கள், எடைக்கு’ என்று ஒரு வரி.

அந்தப் பழைய காகிதங்கள் என்னவென்று எனக்குத் தெரியும். அணையின் கசிவுப் பதிவேடுகள், மழைப் பதிவேடுகள், மட்டங்களைக் குறித்த லெவல் புக்குகள், செய்த வேலையை அளந்து எழுதிய எம்-புக்குகள், கட்டுமானக் காலத்து வரைபடச் சுருள்கள், கூலியாட்களின் வருகைப் பதிவான மஸ்டர் ரோல்கள். அவற்றில் பல வருஷத்துப் பக்கங்கள் என் அப்பாவின் கையெழுத்தில் இருக்கின்றன. அப்பா அந்த அணையில் பிரிவு அலுவலராகச் சேர்ந்தார், பிறகு உதவிச் செயற்பொறியாளராக மறுபடியும் அங்கேயே வந்தார், கடைசியில் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றார். இந்த வருஷம் தை மாதம் காலமானார்.

அவருடைய இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். அவருடைய உழைப்பையும் நேர்மையையும் பற்றிப் பேசினீர்கள். சில வாரங்கள் கழித்து, அவர் எழுதிய பதிவேடுகளின் நகலாவது கிடைக்குமா என்று நாங்கள் எழுதிக் கேட்டோம். அவை காலவரம்பு முடிந்தவை, அலுவலகத்துக்குத் தேவைப்படாதவை, கழிவு செய்ய ஒப்புதல் ஆகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பள்ளி ஆசிரியை. அவருக்கு வேலை டவுனில். வாரக் கடைசியில்தான் அணைக்கு வருவார். திங்கள் முதல் வெள்ளி வரை என்னையும் தங்கையையும் குவார்ட்டர்ஸில் வைத்து வளர்த்தவர் அப்பா. எங்களுக்குச் சடை பின்னியதும், பருப்பு வேகவைத்ததும், சீருடைக்கு இஸ்திரி போட்டதும் அவர்தான். சடை கோணலாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாளும் பின்னுவார், கொஞ்சம் நேராக வரும். இந்தக் காலத்திலேயே இதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். எழுபதுகளின் கடைசியில், எண்பதுகளில், ஜீப்பில் போய் வரும் ஒரு பொறியாளர் மகள்களுக்குத் தலைவாரிவிட்டுவிட்டு சைட்டுக்குப் போவது அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. அவர் கண்டுகொண்டதில்லை.

எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே வேலி போட்ட சின்ன இடத்தில் மழைமானி இருந்தது. காலை எட்டரை மணிக்கு அதை அளக்க வேண்டும். அணையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் லீவில் இருந்தால் நாங்கள் அளப்போம். கண்ணாடிக் குடுவையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, வளைந்த நீர்ப்பரப்பின் அடிப்புறம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் சொல்லும் அளவை அப்படியே எழுதிவிட மாட்டார். வந்து தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். மழையே பெய்யாத நாளிலும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்பார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எம்-புக்கில் எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பான எண்ணை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். அப்பா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாமே அப்படித்தான். அம்மா சீனியை இரண்டு கிலோ என்று எழுதி ஒன்றரையாகத் திருத்தினால் அதற்கும் அம்மாவின் சுருக்கொப்பம் வேண்டும். அந்த நோட்டுகள் இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் பால் கணக்கு பத்திரமாக இருக்கிறது. பல்லாயிரம் ஏக்கர் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் தரும் அணையின் கணக்கு எடைக்குப் போகிறது.

கசிவுப் பதிவேடு ஏன் முக்கியம் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு ராத்திரியில் பார்த்தேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலம். அணை ஏறக்குறைய நிறைந்திருந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அன்றைய வி-நாட்ச் அளவை, அதாவது V வடிவ வெட்டு வழியே போகும் கசிவு நீரின் உயரத்தை, பார்த்துக்கொண்டிருந்தவர், அலமாரியில் இருந்த பழைய பதிவேடுகளை எடுத்துத் தரையில் விரித்தார். கசிவு கூடியிருந்தது. நீர்மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், மழை நீரும் அதில் கலக்கும், அதில் அதிசயம் இல்லை. அவர் தேடியது வேறு. முந்தைய வருஷங்களில் அணை இதே மட்டத்தில் நின்ற நாட்களில், மழை இல்லாத நாளாகப் பார்த்து, அப்போது கசிவு எவ்வளவு இருந்தது என்று தேடினார். அவருக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதிய பக்கங்கள்வரை போனார். அப்புறம் எழுந்து சட்டையை மாட்டினார்.

வீட்டில் எங்களை விட்டுப்போக ஆள் இல்லை. எழுப்பி, ஸ்வெட்டர் போட்டு, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அணையடியில் லஸ்கர் வீட்டில் எங்களை உட்காரவைத்தார். அந்தத் திண்ணையிலிருந்தே கரையின் அடிவாரம் தெரியும். அப்பா ஒரு காலி ஜாம் பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து, ஜீப்பின் ஹெட்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். மூன்றாவது தடவை ஒர்க் இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது.

மண் அணையில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கிய நீர் கசிந்தால், உள்ளேயிருந்து மண் வருகிறது என்று அர்த்தம். மண் வரும் வழி நேரம் ஆக ஆக அகலமாகும். 1976 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணையில் காலையில் சேற்று நீர் கசிவதைப் பார்த்தவர்கள், நண்பகலுக்குள் அணையே உடைந்து போனதைப் பார்த்தார்கள். அப்பா அந்தத் தேதியை எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்.

அன்று ராத்திரி மேலிடத்துக்குச் செய்தி சொல்லி, மதகைத் திறந்து மட்டத்தை மெதுவாக இறக்க அனுமதி வாங்கினார். பக்கத்து ஊரிலிருந்து மணலும் ஜல்லியும் வரவழைத்தார். கசிவு வாயின் மேல் முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெருங்கல். தண்ணீரை வெளியே விட வேண்டும், மண்ணை உள்ளேயே நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் அந்த வரிசை. ஊர்க்காரர்கள் லாரி வெளிச்சத்தில் கூடை கூடையாகத் தூக்கினார்கள். அடைக்கப்போகிறார்கள் என்று நினைத்து ஒருவர் களிமண் கொண்டுவந்தபோது அப்பா ஓடிப்போய்த் தடுத்தார். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் வழி தேடும். விடிகிற நேரத்தில் அதே ஜாம் பாட்டிலில் தண்ணீர் தெளிந்திருந்தது. அளவையும், தெளிவையும், மணியையும் பதிவேட்டில் எழுதி, ஒர்க் இன்ஸ்பெக்டரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்து தோசை ஊற்றிக்கொடுத்தார்.

அன்றைக்கு அந்த அணையைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு அந்தப் பழைய பக்கங்களுக்கு உண்டு. அவை இல்லாமல் இருந்திருந்தால், மழைக்காலத்தில் கசிவு கூடுவது வழக்கம்தானே என்று அவரும் படுத்துத் தூங்கியிருப்பார். அவரே பின்னாளில் எங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த ராத்திரியைப் பற்றிய பக்கமும் இப்போது உங்கள் ஏலப் பட்டியலில் ‘பழைய காகிதம்’.

இன்றைக்குக் கருவிகள் வந்துவிட்டன, சென்சார் இருக்கிறது, பழைய அளவுகள் எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தொண்ணூறு டிகிரி வி-நாட்சில் தண்ணீரின் உயரம் 5 செ.மீ. இருந்தால் விநாடிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் போகிறது. 10 செ.மீ. ஆனால் நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது. நேற்று பொருத்திய சென்சார் இன்றைய 5 செ.மீட்டரை மிகத் துல்லியமாகச் சொல்லும். அணை நிறைந்த முதல் வருஷம் அது 3 செ.மீட்டராக இருந்ததா, 6 செ.மீட்டராக இருந்ததா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்த ஒரே சாட்சி அந்தப் பதிவேடு. கசிவையாவது இன்றைக்குப் புதிதாக அளக்கலாம். கரைக்கு அடியில் நீர் கசியாமல் இருக்க வெட்டிய தடுப்பு அகழி எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போனது, பாறை எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பதையெல்லாம் இனி எப்படி அளப்பீர்கள்? வரைபடத்தில் போட்ட ஆழம் ஒன்று, தோண்டும்போது உண்மையில் போன ஆழம் இன்னொன்று. உண்மையில் போன ஆழம் லெவல் புக்கிலும் எம்-புக்கிலும்தான் இருக்கிறது.

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 அந்த வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பெரிய அணை ஒவ்வொன்றுக்கும் பதிவேடோ தரவுத்தளமோ பராமரிக்க வேண்டும், கருவி அளவுகளைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் வந்த ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு அணைக்கும் முதல் முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு நடக்க வேண்டும் என்றும், அதில் வடிவமைப்பு, கட்டுமானம், இயக்கம், பராமரிப்பு, அணை நடந்துகொண்ட விதம் பற்றிய தரவுகளை ஆராய வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு பக்கம் இப்படியொரு சட்டம் இருக்க, மறுபக்கம் அந்தத் தரவுகளையே எடைக்குப் போட ஒப்புதல் எப்படிக் கிடைத்தது? கடிதப் போக்குவரத்துக் கோப்புகளை, எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து எல்.டிஸ், டி.டிஸ் என்று முடித்துவைத்து, காலம் வந்ததும் அழிப்பது எனக்குத் தெரியும். பேனா வாங்கிய கோப்பை அழியுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அணையின் அளவைப் பதிவேட்டை அதே கணக்கில் சேர்த்தது பெரிய பிழை.

நம் மாநிலத்து அணைகளுக்கு நேர்ந்தவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்பா வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில், 1977இல், கொடகனாறு அணை வெள்ளத்தில் உடைந்தது. மின்சாரம் போய், ஷட்டர்களை நேரத்துக்குத் தூக்க முடியாமல், கரைக்கு மேலேயே தண்ணீர் ஏறியது. அதன் பிறகு பருவமழைக்கு முன் ஷட்டர்களைக் கையால் சுற்றித் தூக்கிப் பார்ப்பதை அவர் ஒரு வருஷமும் விட்டதில்லை. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையில் ஒரு ஷட்டர் உடைந்தது. 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி முக்கொம்பில், 1836இல் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. 2022 செப்டம்பர் 21ஆம் தேதி அதிகாலை கேரளத்தில் இருந்தாலும் தமிழ்நாடு இயக்கும் பரம்பிக்குளம் அணையில், ஷட்டரைத் தூக்க உதவும் எதிர் எடை அறுந்து விழுந்து நடு ஷட்டரே போய்விட்டது. இவற்றுக்கெல்லாம் பதிவேடு இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும், கடைசியாக இதை எப்போது பழுது பார்த்தார்கள், யார் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள் என்ற கேள்வியைத்தானே ஊரே கேட்டது? அந்தக் கேள்விக்கு எங்கள் அணையில் பதில் சொல்லக்கூடிய ஒரே இடத்தை நீங்கள் காலி செய்கிறீர்கள்.

மஸ்டர் ரோல் பற்றியும் சொல்லியாக வேண்டும். அணை கட்டிய காலத்தில் மண் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், கரையை மிதித்தவர்கள், அவர்களுடைய பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலும் கைநாட்டு. அப்பா ஒருமுறை அந்தக் கட்டை எங்களுக்குப் பிரித்துக் காட்டினார். ஊதா மை ரேகைகள் பக்கம் பக்கமாக. அந்தப் பெயர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. திறப்பு விழாக் கல்லில் அமைச்சர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் இருக்கின்றன, அது வழக்கம். அந்தக் கைநாட்டுகளுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஆயக்கட்டில் விவசாயம் செய்கிறார்கள். தங்கள் தாத்தா அந்த அணையைக் கட்டினார் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே காகித ஆதாரம் கடலை மடிக்கப் போகிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். கட்ட வேண்டியதுதான். என் அப்பாவுக்குச் சிலையோ கல்வெட்டோ நான் கேட்கவில்லை, அவரும் கூச்சப்பட்டிருப்பார். அவர் புதிதாக எந்த அணையையும் கட்டியவர் இல்லை. கட்டிய அணையை உடையாமல் பார்த்துக்கொண்டவர். அப்படிப்பட்டவர்கள் எல்லா அணையிலும் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக வேலை செய்தால் செய்தித்தாளில் ஒரு வரி கூட வராது. அவர்கள் இருந்ததற்கு மிஞ்சுவது அந்த நீலமும் கறுப்புமான எண்கள் மட்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பேப்பரில் முதலில் அவர் பார்ப்பது அணைகளின் நீர்மட்டம் போடும் மூலையைத்தான். மழை ராத்திரிகளில் பழைய லஸ்கருக்குப் போன் போட்டுக் கேட்பார். பேரன் கணக்கில் தப்புச் செய்தால் ரப்பரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒரே கோட்டால் அடிக்கச் சொல்வார். பதிவேடுகளை நகலெடுத்து வைக்கத் தானே வந்து உதவுவதாக உங்கள் அலுவலகத்துக்கு எழுதியும் இருந்தார், சம்பளம் வேண்டாம், உட்கார ஒரு மேஜை போதும் என்று. அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதில் வராமலே அவர் போய்விட்டார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி, நான் கேட்பவை.

ஏலப் பட்டியலிலிருந்து அந்தக் காகிதங்களை உடனே நீக்குங்கள். இடிக்கும் தேதி முடிவாகியிருந்தால் அதற்கு முன் பதிவறையில் இருப்பவை எல்லாவற்றையும் ஈரம் படாத, பூட்டு உள்ள ஓர் அறைக்கு மாற்றுங்கள். கரையான் அரித்ததையும் சேர்த்து மாற்றுங்கள். பாதி அரித்த பக்கத்திலும் பாதி எண்கள் மிஞ்சியிருக்கும்.

எது அணையின் பாதுகாப்புக்கு வேண்டியது, எது வேண்டாதது என்பதை எழுத்தர் ஒருவரிடம் விடாமல், அணைப் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எழுத்தில், கையெழுத்தோடு, பொதுவில் வையுங்கள். கசிவு, மழை, நீர்மட்டம், கரைக்குள் நீரழுத்தம் காட்டும் பீசோமீட்டர், கரை அமிழ்வு ஆகிய அளவுகளை ஸ்கேன் செய்து, எண்களைக் கணினியில் ஏற்றுங்கள். அணைகளின் தரவுகளை வைக்கத் தர்மா என்ற மென்பொருளே இருக்கிறது, பழைய வருஷங்களையும் அதில் சேருங்கள். மூலப் பிரதிகளையும் மஸ்டர் ரோல்களையும் வைக்க உங்களுக்கு இடம் இல்லையென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

ஆள் இல்லை, நிதி இல்லை என்று சொல்ல வேண்டாம். அப்பாவோடு வேலை பார்த்த ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஒர்க் இன்ஸ்பெக்டர்களும் வந்து பிரித்துத் தரத் தயாராக இருக்கிறார்கள், நான் அவர்களிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய கையெழுத்துகளையும் சுருக்கொப்பங்களையும் பார்த்து இது இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ஸ்கேன் செய்யும் இயந்திரத்தின் வாடகையை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளும். உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள்.

உங்கள் கோட்டத்தில் வேறு எந்த உபகோட்டத்திலாவது இதேபோல் பதிவறையைக் காலி செய்ய உத்தரவு போயிருந்தால் அதையும் நிறுத்திவைத்து, எந்தெந்த அணையில் எந்த வருஷம் முதல் பதிவேடுகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள்.

இந்த மடலின் கையெழுத்திட்ட பிரதியைப் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். ஏலத் தேதிக்கு முன்பாக, காகிதங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அந்த அணையடியில் வளர்ந்த ஒரு பொறியாளரின் மூத்த மகள்